அழுத்தம் பத்து

முத்தூர் தாண்டி ஒரு கொரங்காடு.
எழுநூற்று இருபது அடி. புகைதான் வந்தது.
கம்ப்ரசரை நிறுத்தினதும்
கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு மாடு
மணி குலுங்கப் புரண்டு படுத்தது.

லாரி கேபினில் என் படுக்கை.
சீட்டுக்கடியில் தனி பேட்டரி, நீள ஒயர்,
தலைமாட்டில் டிபன் டப்பா அளவு மெஷின்.
அதற்கும் தண்ணி ஊற்ற வேண்டும்.
மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கின
காய்ச்சி வடித்த தண்ணி.
ஊருக்கெல்லாம் போர் போடுகிறவன், பாருங்க.

மாஸ்க் மாட்டின முதல் ராத்திரி
புத்ராம் "ஹாத்தி" என்று சிரித்தான்.
அதற்கு முன்னால் ஏழு மாசம்
என் குறட்டை நிற்கும்போதெல்லாம்
எழுந்து உட்கார்ந்து எண்ணினவனும் அவன்தான்.
ஒருமுறை நாற்பத்தொன்று வரைக்கும் போய்
காலைப் பிடித்து இழுத்தான்.

ஈரோட்டு டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார்:
தூங்கும்போது தொண்டை சரிந்து மூடிக்கொள்கிறதாம்.
எனக்கா புரியாது?
மேல்மண் சரியாமலிருக்க
அறுபதடி கேசிங் இறக்குகிறவன்.
இது காற்றில் செய்த கேசிங்.
வெடியால உருவிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மூன்று மணிக்குக் கேபின் கதவில் டார்ச் வெளிச்சம்.
காட்டுக்காரம்மா, சாமியாத்தாள்.
"உஸ்ஸுன்னு கேட்டுதுங்க.
ஊத்துச் சத்தமாட்ட இருந்துச்சு."

என்ன சொல்வது.
குழாயைக் கழற்றி
அவர் உள்ளங்கைக்கு நேராகப் பிடித்தேன்.
கொஞ்ச நேரம் கையை எடுக்கவேயில்லை.

"ஈரமாத்தானுங்க இருக்குது" என்றார்.