சீனி குறைச்சு

பெர்மிட் நாளையோடு முடிகிறது.
"சுத்திப் பாக்காமலா போவ?" என்று
முதலாளியின் மோட்டாரை எடுத்தான் லோகேந்திரன்.

பீடோரில் ஓராண்டு.
நான் கண்டது ரொட்டிக் கல்லும்
பின்கதவு வழியே
ஒரு லாரிப் பட்டறையும்.

அருவிக்குத்தான் கிளம்பினோம்.
மழை. பாதையில் கயிறு கட்டியிருந்தார்கள்.
திரும்புகையில் செம்பனைக்குள் புகுந்தான்.

மூன்றாம் டிவிஷன், நீலக் கதவு:
ரெண்டு சானாய், சம்பல் தனியா.
கிளினிக் பக்கத்து வீடு:
தே ஓ, சீனி குறைச்சு.
நான் மடித்த தாள்களெல்லாம்
இங்கேதான் பிரிந்திருக்கின்றன.

சீனி குறைத்தவருக்கு
ஒரு கால் இல்லை.
வாசலில் செருப்பும் ஒற்றைதான்.
"நாளைக்குக் கடை உண்டா தம்பி?"
அவனைத்தான் கேட்டார்.
அவன் என்னைப் பார்த்தான்.

"உண்டு" என்றேன்.
"ஆறு மணிக்கே திறந்திடுவோம்."

மோட்டார்
உடனே ஸ்டார்ட் ஆகவில்லை.