அரைப் புள்ளி

கர்லிங் கிளப்பின் மாடியில் முதல் சுற்று.
கீழே ஐஸில் கல் வழுக்கிப்போகும் சத்தம்.
வெளியே வின்னிபெக், மைனஸ் இருபத்தெட்டு.
மேசை மூன்று. வெள்ளை: ஃப்ரீசன், 2290.
கறுப்பு நான், 1436.
கோமளேஸ்வரன் என்ற பெயர் தாளில் இடம் போதாமல்
கோமளே என்று நின்றிருந்தது.

முதல் சுற்றின் வழக்கம் தெரிந்ததுதான்:
மேல்பாதி கீழ்ப்பாதியை உண்டு பசியாறும்.
ஃப்ரீசன் ஒரு காயை நகர்த்துவார், எழுந்து போவார்,
சந்தையில் மீன் பார்ப்பதுபோல
அடுத்தவர் பலகைகளைப் பார்ப்பார்,
கோப்பியோடு திரும்பி
நின்றபடியே அடுத்ததை நகர்த்துவார்.
நான் பெம்பினா வீதியில் பஸ் ஓட்டுகிறவன்;
உட்கார்ந்திருக்கத் தெரியும்.

பத்தொன்பதாம் நகர்வில் அவரும் உட்கார்ந்தார்.
இருபத்தாறில் ஸ்வெட்டரைக் கழற்றினார்.
கோப்பி ஆறி ஆடை கட்டியது.
முப்பத்திரண்டில், தலை நிமிராமல்,
"டிரா?" என்றார்.

என் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் இருந்தது.
ஒன்றைக்கூட நான் செலவழிக்கவில்லை.
கை என்னைக் கேளாமலே நீண்டுவிட்டது.

நடுவர் இரண்டு பெயர்களுக்கும் எதிரே
ஒரே மாதிரி அரை எழுதினார்.
முன்பின் தெரியாத ஒருவன் என் தோளில் தட்டினான்.
சுபோதினிக்குச் செய்தி அனுப்பினேன்:
2290 உடன் டிரா!
பதில் வந்தது:
நல்லம். பால் முடிஞ்சுது, வாங்கிக்கொண்டு வாங்கோ.

தரிப்பிடத்தில் ஃப்ரீசனின் கார்
இரண்டு தரம் இருமியது, பிறகு அதுவும் இல்லை.
என் காரை மூக்கோடு மூக்காக நிறுத்தி
கேபிள்களைப் பூட்டினேன்: சிவப்புக்குச் சிவப்பு,
கறுப்பின் மறுமுனை வெறும் இரும்பில்.
பாட்டரி ஏறும்வரை செய்ய ஒன்றுமில்லை.
கையுறைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றோம்.

அப்போதுதான் சொன்னார்:
"குதிரை எஃப் மூன்று. செக்."
வாயிலிருந்து வந்த ஆவி கொஞ்சம் நின்று கலைந்தது.
"ராஜா மூலைக்குத்தான் போகவேண்டும். பிறகு..."
ராணி எச் மூன்று, என்றேன்.
"ம். நீங்கள் தண்ணீர் குடிக்கப் போனீர்களே,
அப்போதே பார்த்துவிட்டேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது வேறு. பலகை இல்லாமல், காய் இல்லாமல்,
உறைந்த தரிப்பிடத்தின்மேல்
அறுபத்துநான்கு கட்டமும் முதல்தரமாக
எனக்குத் துல்லியமாகத் தெரிந்தன.
அந்தக் குதிரை மட்டும், சனியன்,
டி நான்கில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அவருடைய கார் பிடித்துக்கொண்டது.
கண்ணாடிக்குப் பின்னால் கையை உயர்த்தினார்.
நாளை ஒன்பது மணிக்கு வேறு யாரோ, வேறு மேசை.
கடை பத்துக்குப் பூட்டுவான்.
கேபிளைக் கழற்றினேன்,
முதலில் கறுப்பை.