மான் தின்ற துண்டு

"ஆருக்குக் கலியாணம்?" என்றார்
என்.சி. வீதி நகைக்கடைக் குலவீரசிங்கம்.
ஒருவருக்கும் இல்லை.
"அப்ப காதுகுத்தா, சாமத்தியமா?"
இல்லை ஐயா, காசுக்குத்தான் சுகமில்லை.
அது கிடக்கிற கிடையைப் பார்த்து
கொஞ்சத்தை வேறு உடம்புக்கு மாற்ற வந்தேன்.

அவர் சிரிக்கவில்லை.
வெள்ளைப் பலகையில் காலையில் எழுதிய விலையின்
கடைசி மூன்று இலக்கத்தைப் பெருவிரலால் அழித்து
கூட்டி எழுதினார்.
நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே
பதினாலு மாத மிச்சம்
ஒரு குண்டுமணி மெலிந்தது.

ஐஸ் கொம்பனியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
இத்தனை வருசமும் உருகுகிற சரக்கைத்தான் நிறுத்து விற்றோம்.
கட்டி ஐம்பது கிலோ என்று துண்டு எழுதினால்
படகடிக்குப் போகையில் நாற்பத்தாறு.
வங்கிப் புத்தகமும் அப்படித்தான்,
எண் அப்படியே நிற்கும்
அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.
சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் கண்ணுக்கெதிரே நிற்க
போத்தலோடு வரிசையில் நின்ற வருசம்
கால் நனைந்துதான் அது தெரிந்தது.

சங்கிலி காட்டினார். வேண்டாம்.
செய்கூலியும் சேதாரமும் கழுத்து உள்ளவர்களுக்கு.
இருபத்துநாலு கரட்டில் நாலு கிராம்,
முத்திரை குத்திய சின்னக் காசு.
பிளாஸ்டிக் அட்டைக்குள் ஒட்டி மூடியிருந்தது.
தொட்டுப் பார்க்கலாமா என்றேன்.
"உறையைப் பிரிச்சா விலை விழும், தங்கச்சி."
கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிற ஒருவரை
கடைசியாய்ப் பார்ப்பதுபோலப்
பார்த்துவிட்டு வைத்தேன்.

வெள்ளி நூறு கிராம் என்றபோதுதான் முகம் சுளித்தார்:
"கொலுசுக்கு இல்லாமல் கட்டியா ஆர் வாங்குவினம்?
விக்க வந்தா நானே யோசிச்சுத்தான் எடுப்பன்."
அப்படிச் சொன்னதற்காகவே வாங்கினேன்.
அதற்கு உறையில்லை.
உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தது,
எங்கள் சரக்குப் போல,
ஈரம் மட்டும் இல்லை.

பக்கத்துக் கதிரையில் மூதூர் ஆள் ஒருவர்,
நசுறுதீன் (துண்டு எழுதும்போது காதில் விழுந்தது),
படகு என்ஜினுக்காக ஒற்றைக் காப்பு விற்றார்.
அதே தராசு. அதே பலகை.
பவுணுக்கு அவருக்குச் சொன்ன விலை வேறு,
எனக்குச் சொன்னது வேறு.
நடுவில் முழ அகலத்துக்குக் கண்ணாடி மேசை.
அதை ஒருக்கால் கடந்து திரும்பி வர
பொன்னுக்கு அவ்வளவு செலவு.
வாசலைத் தாண்டும்போதே நட்டப்பட்டவள் நான்.
அவரும் அதே வாசலால்தான் போனார்.
சொல்ல ஒன்றும் வரவில்லை.
காப்பு தராசுத் தட்டில்
இன்னும் யாரோ கையைச் சுற்றினாற்போல இருந்தது.

பஸ் நிலையத்தடியில்
நிலாவெளி பஸ்சைப் பார்த்து நிற்கிறேன்,
பின்னால் பையில் ஒரு இழுப்பு.
புள்ளிமான்.
ஊரெல்லாம் திரிகிற, ஒருவருக்கும் பயப்படாத சாதி.
வாயில் பாதித் துண்டு.
திகதி, நிறை, கரட், விலை
எல்லாவற்றையும் நிதானமாக மென்றது.
பொன்மானுக்கு ஆசைப்பட்டவர்களின் கதை கேட்டிருக்கிறேன்.
பொன்னை விட்டுவிட்டுக் கடுதாசிக்கு ஆசைப்பட்ட மானை
இன்றைக்குத்தான் கண்டேன்.

திரும்பி ஓடினேன்.
துண்டில்லாவிட்டால் திருப்பி எடுக்கையில்
இரண்டு வீதம் கழிப்பார்களாம்.
"எங்க விட்டனீங்கள்?"
மான் தின்றுவிட்டது.
இப்போது சிரித்தார். வேலைக்காரப் பெடியனும் சிரித்தான்.
புதுத் துண்டை எடுத்து
எந்த விலையைப் போடுவது என்று
பலகையைத் திரும்பிப் பார்த்தார்.
அதற்குள் அது இன்னொருமுறை மாறியிருந்தது.

காசு, பழுதான ரைஸ் குக்கருக்குள்.
வெள்ளியை நான் ஒளிக்கவில்லை.
மேசையில் பேரேட்டின் மேல் பாரமாய் இருக்கிறது,
கடற்காற்றுக்கு ஓரம் கறுக்கத் தொடங்கிவிட்டது.
தேய்க்க வேண்டாம், நிறை குறையும் என்றிருந்தார்.
குறைந்துவிட்டதா என்று ஒருநாள்
கட்டி நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன்.
முள் அசையவேயில்லை.