எண்வட்டு இல்லாத கருவி

முதல் தொலைபேசியை நான் மாட்டியது
முப்பத்தெட்டு நவம்பரில், மூன்றாம் மாடியில்,
ஆறு குடும்பங்கள் புழங்கும் நடைவழியில்.
புதுக்கம்பி இழுக்கத் தேவைப்படவில்லை.
சுவருக்குள் ஏற்கெனவே இருந்தது,
யாரோ வெட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.
முறுக்கிச் சேர்த்தேன்.
நிக்காந்தர் லூகிச் கசூலின் அப்போது
டிராக்டர் ஆலைக் கட்சிக் குழுவில்
ஆறாவது ஆளோ ஏழாவது ஆளோ.
முழங்கை தேய்ந்த கோட்டு.
"இதற்கு முன்னால் யாருடையது?" என்றார்.
"லைன் பழுது" என்றேன்.
அவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.
அந்த வருடம் எங்கள் ஊரே நன்றாகத் தலையாட்டிற்று.

போர் வந்தது, போயிற்று.
என் கணவன் போனான்.
காமா நதி இரண்டு முறை கரையை உடைத்தது.
அவர் ஆற்றைப் பார்த்த மஞ்சள் வீட்டுக்கு மாறினார்;
எங்கள் பதிவேட்டில் அந்த வீடு பொருள் எண் ஏழு.
நான் ஏணியோடு போகப்போக
கருவிகள் குட்டி போட்டன:
படிப்பறையில், படுக்கையருகில், சாப்பாட்டு மேசையில்,
ஈரம் படாத உறை போட்டுக் குளியலறையில்கூட ஒன்று.

நாற்பத்தொன்பதில் வெள்ளை வந்தது.
எண்வட்டு கிடையாது.
வட்டு இருக்கவேண்டிய இடத்தில்
கோதுமைக் கதிர்கள், சுத்தியல், அரிவாள்.
யாரையும் கூப்பிட அல்ல அது,
கூப்பிட்டால் எடுக்க.
மாஸ்கோவிலிருந்து சோதனை மணி அடித்தார்கள்.
மறுமுனையில் என்னைப்போல ஒரு மெக்கானிக்.
அவர் எழுந்து நின்றுவிட்டார்.
இடது கை தானாகத் தேடிப்போய்
கோட்டின் மேல்பொத்தானைப் போட்டது.

அந்த வெள்ளையில்தான் ஒரு குளிர்காலம்
"நிறைவேற்றிவிட்டோம்" என்றார்.
என் அக்காவின் ஊரில் விதைத் தானியமும் வண்டியேறியது.
அக்காவின் சின்னவன் வசந்தம் பார்க்கவில்லை.
நான் சாட்சி சொல்வேன்:
லைன் சுத்தமாக இருந்தது. ஓர் இரைச்சல் இல்லை.

ஐம்பத்தாறில் உத்தரவு முதலில் எனக்குத்தான் வந்தது.
பொருள் ஏழு. ஐந்து கருவிகள். கழற்றவும். காலை ஆறு மணி.
கூட்டம் பதினொன்றுக்கு.
வீட்டுச் செருப்போடு அவரே கதவைத் திறந்தார்.
"பழுதா, கிளாஃபிரா?"
பதினெட்டு வருடத்தில் என் பெயர் அவருக்குத் தெரியுமென்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.
"லைன் பழுது" என்றேன்.

வெள்ளையைக் கடைசியில் எடுக்கலாமென்றிருந்தேன்,
கால் நேராக அங்கே போயிற்று.
வெட்டிய பிறகும் அதை எடுத்துக் காதில் வைத்தார்.
வெகுநேரம் வைத்திருந்தார்.
மாடிப்படியில் செராஃபீமா, முடி பின்னாமல்,
உலர்ந்த தம்ளர் ஒன்றைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.
ரசீதில் பதவிப் பெயரோடு கையெழுத்திட்டார், பழக்கம்.
பார்த்தார்.
பதவியின்மேல் மட்டும் ஒரு கோடு கிழித்தார்,
அடிக்கோல் வைத்ததுபோல நேராக.

உடல்நிலை காரணமாக, என்றது பத்திரிகை,
நான்காம் பக்கம், பனிச்சறுக்கு முடிவுகளுக்குக் கீழே.

ஏழு வருடம் கழித்து, பனி சேறாகும் மார்ச்சில்,
தபால் நிலையக் கூண்டில் அவரைப் பார்த்தேன்.
வரிசையில் மூன்று பேர் முணுமுணுத்தார்கள்.
இரண்டு கோபெக்கை இயந்திரம் விழுங்கிவிட்டது.
கம்பித்தொங்கலில் கேட்புக்கருவி ஆட
மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார்.
"பழுதா?" என்றார், என்னை அடையாளம் தெரியாமல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே, இடப்பக்கம், உள்ளங்கையால் அடிக்கவேண்டும்.
அடித்தேன்.
காசு விழுந்தது.