சிவப்பு வயர்

கரடிப்போக்குச் சந்தியில் வாங்கிய தட்டு.
ஒன்றுக்குள் மூன்று படம், நூறு ரூபாய்.
உறையில் சிரித்த கதாநாயகன்
உள்ளே எந்தப் படத்திலும் இல்லை.

மாங்குளம் முகாமில் அன்றைக்குச் சம்பளம்.
ஒன்பதரை வரைக்கும்தான் ஜெனரேற்றர்.
கண்ணிவெடி எடுக்கிற பெண்கள் பதினொரு பேர்,
ஒரு வாளி அவித்த கச்சான்,
பூட்சைக் கழற்றி வாசலில் அடுக்கிவிட்டுப்
பாயில் இருந்தோம்.

எண்பத்தேழாம் ஆண்டுப் படமாம்.
நான் பிறந்த வருசம்.
"உன்னளவுக்கு அது கீறுப்படேல்லை" என்றாள் வதனா.
சரிதான்.
எங்களில் ஒருத்தியும் அந்தக் காலத்துப் படம் பார்த்ததில்லை.
அந்தக் காலம் எங்களைப் பார்த்ததோடு சரி.

கதாநாயகன் கன்னத்தில் ஒரு மச்சம் ஒட்டினான்.
அவ்வளவுதான்.
தாய்க்குத் தெரியவில்லை. பொலிசுக்குத் தெரியவில்லை.
காதலி "நீங்கள் யார்?" என்று கேட்டாள்.
"அட, ஒரு மச்சத்தோட ஓமந்தையைக் கடந்திருக்கலாமேயடி!"
றெஜினா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.
கச்சான் புரையேறி இரண்டு பேர் வெளியே ஓடினார்கள்.

சண்டையில் குத்து விழ முதலே சத்தம் வந்துவிட்டது.
"நல்ல ஊர். ஓட நேரம் கிடைக்கும்"
என்றாள் நிரோஜினி.

வில்லனின் குகையில் சுவரெல்லாம் லைற்று,
பச்சை, மஞ்சள், விட்டு விட்டு எரிந்தது.
ஏனென்று அவனுக்கும் தெரியாது.
ஜெயரூபி எங்கள் டீசல் கணக்கு எழுதுகிறவள்.
"மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் குடிக்கும்?"
அவளுக்குப் படம் முழுக்க இந்தக் கவலைதான்.

பிறகு பாட்டு.
பச்சைப் புல் மேட்டில் கட்டிப்பிடித்து
உருளத் தொடங்கினார்கள் இரண்டு பேரும்.
"உருளாதை! உருளாதை!"
பதினொரு தொண்டையும் ஒன்றாய்க் கத்தியது.
ஒரு கயிறில்லை, ஒரு தடியில்லை,
வெள்ளை அடித்த கல்லுமில்லை,
ஆர் பார்த்துக் குடுத்த நிலமது?
ஏழு சேலை மாற்றி அடிவாரம் வந்து எழும்பினாள்.
கால் இரண்டும் இருந்தது.
பெருமூச்சு விட்டோம்.

கடைசியில் குண்டு வந்தது.
பெட்டிக்கு மேல் ஒரு சுவர் மணிக்கூடு,
எங்கள் பள்ளிக்கூடத்தில் தொங்கினதைப் போல.
டிக் டிக் டிக்.
பாயில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
ஆறு வருசத்தில் நாங்கள் கிண்டி எடுத்ததில்
ஒன்றிலும் மணிக்கூடு இருந்ததில்லை.
அவற்றுக்கு அவசரமில்லை.

"சிவப்பு வயரை வெட்டு!" என்று கத்தினான் கூட்டாளி.
பழைய படம், சாயம் போய்விட்டது.
சிவப்பும் நீலமும் ஒரே தேத்தண்ணி நிறம்.
கத்தரிக்கோலோடு அவன் முழிசினான்,
வியர்வை ஊத்தியது,
மூன்று, இரண்டு,

ஒன்பதரை.

ஜெனரேற்றர் நின்ற இருட்டில்
நாங்கள் போட்ட ஊளைக்கு
முகாம் நாய் வேலி பாய்ந்தது.

அடுத்த நாள் காலை, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காடு.
முழங்காலில் இருக்கிறேன், முகத்தில் கவசம்.
கருவி கீச்சிட்டது.
பக்கத்துப் பாதையில், இருபத்தைந்து மீற்றர் தள்ளி,
றெஜினா மூக்கால் பின்னணி இசை போட்டாள்:
டண்டண்டாய்ங்.
வரிசை முழுக்கக் குலுங்கியது.
விசில் ஊதிப் பத்து நிமிசம்
எல்லாரையும் மரத்தடிக்கு அனுப்பினாள் கோமளமக்கா.
சிரித்த கை நடுங்குமாம்.

பிறகு போய் விரல் விரலாய் மண்ணை விலக்கினேன்.
மீன் ரின் மூடி.

ஞாயிற்றுக்கிழமைதான் முடிவு தெரிந்தது.
கத்தரிக்கோலை எறிந்துவிட்டுப்
பல்லால் கடித்தான், இரண்டு வயரையும்.
றெஜினா எழும்பி நின்று கை தட்டினாள்.
கோமளமக்கா மட்டும்
மடியில் இல்லாத கொப்பியைத் திறந்து
காற்றில் எழுதினாள்:
"ஹெல்மெற் இல்லை. கவசம் இல்லை.
பல்லுக்குப் பொறுப்பு அவரே."