சாட்சி இரண்டு

அஸ்தம்பட்டிக் கோர்ட்டில்
நகல் மனுவில் வில்லை ஒட்டப் பசை இல்லை.
பக்கத்தில் நின்ற இளம் வக்கீல்
சோற்றுப் பருக்கை போதும் என்றார்.
டப்பாவைத் திறந்து ஒட்டினேன்.
ஏற்காடு வண்டியில் பதினேழு வருஷமாகச்
சீட்டுக் கிழிக்கிறேன்.
இதற்கென்று கழித்த மூன்றாவது வார ஓய்வு இது.

பதிவறை வனரோஜா மேடம்
முகக்கவசம் மாட்டிக்கொண்டுதான் கட்டை அவிழ்ப்பார்.
"வருஷம்?"
தெரியாது.
"செத்தவர் பேர்?"
டவுசன் துரை என்போம்.
"அந்த மலையில் எல்லாரும் துரைதான்" என்று
ஏணியை நகர்த்தினார்.

எங்களிடம் இருந்தது ஒரே வாக்கியம்:
சுனைக்குக் கீழே ஆறு ஏக்கர் நம்முது,
எவனோ பிடுங்கிக்கிட்டான்.
பெரியப்பா கல்யாணப் பந்தியிலும் சாவு வீட்டிலும்
இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு
அந்த எவனுக்கு ஆள் தேடுவார்.
ஒரு தரம் மணியக்காரர்.
ஒரு தரம் தோட்டத்து ரைட்டர்.
ஒரு தரம், சிலுவை போட்டுக்கொண்டு,
பங்குச் சாமியாரே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
நாடா அவிழ்ந்ததும் ஓரங்கள் உமியாய் உதிர்ந்தன.
புரொபேட் கட்டுக்குள் உயில் மூன்றே பக்கம்.
மேடம் இங்கிலீஷை வாய்விட்டுப் படித்துத்
தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.
அக்காவுக்குக் கடிகாரம்.
சர்ச்சுக்குப் பியானோ.
குதிரையை விற்கக் கூடாது, சுட்டுவிட வேண்டும்,
அதற்கு வேறு கை பழகாது.
அப்புறம்,
சமையற்காரி மதலேனாளுக்குச்
சுனைக்குத் தெற்கே ஆறு ஏக்கரும்
அதிலுள்ள ஆரஞ்சு மரங்களும்.

காரணம் எழுதவில்லை.
குதிரைக்குக்கூட எழுதியிருந்தது.

நான் எழுந்து நின்றிருக்கிறேன்.
"உட்காருங்க, இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

சாட்சி ஒன்று, ஏதோ டாக்டர், கிறுக்கல்.
சாட்சி இரண்டு, தமிழில்:
சந்தியாகு.
ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே
காப்பி மூட்டை மாதிரி இறக்கி வைத்தது.
கடைசி எழுத்தின் சுழியில்
முள் காகிதத்தைக் கிழித்திருந்தது.
மதலேனாளின் புருஷன்.
எங்கப்பாவின் தாத்தா.

பின்னால் ஜட்ஜ் தைத்துவிட்ட உத்தரவு:
சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ
அவர் மனைவிக்கோ எழுதிவைத்தது செல்லாது.
ஆறு ஏக்கர் மீதிச் சொத்தோடு சேர்ந்து
அண்ணன் மகனுக்குப் போனது.

உயிலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி:
சாட்சிகள் கேட்க உரக்க வாசிக்கப்பட்டது, தமிழிலும்.
அப்படியானால் அவர் காதில் விழுந்திருக்கிறது.
மனைவி பேர்.
சுனை.
ஆரஞ்சு மரம்.
அதற்குப் பிறகுதான் பேனாவை வாங்கியிருக்கிறார்.

வேறு ஆள் அகப்படாமல் டாக்டர் கூப்பிட
ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு
போ, போட்டுவிட்டுப் போ என்றதும் போட்டதா?
இல்லை,
போட்டால் என்ன ஆகும் என்று
எவரோ முந்தியே சொல்லித் தெரிந்துகொண்டு,
அந்தக் காரணம் எழுதாத நிலம்
தன் வாசலுக்கு வராதபடிக்கு
முள் கிழிய அழுத்திப் போட்டதா?

மதலேனாள் அந்த அறையில் இருந்தாளா,
கஞ்சி ஆற்றியபடி?
உயிலில் அவளுக்குப் பேர் இருக்கிறது.
பேச ஒரு வரி இல்லை.

நகலுக்கு நூற்றுச் சொச்சம் கட்டினேன்.
மேடம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்,
இரண்டு தரம்.

மறுநாள் முதல் ட்ரிப்.
பன்னிரண்டாம் வளைவு ஏறுகையில் பெரியப்பா போனில்,
"எவன்டா அவன்? பேரைச் சொல்லு,
நான் கேக்காம சாகக் கூடாது."

பெரியப்பாவின் பேர் சந்தியாகு.
மூத்த பேரனுக்கு வைக்கிற முறையில்
அந்தப் பேர்தான் அவருக்கு வைத்தார்கள்.

"ஹலோ, ஹலோ" என்றார்.
பதினான்கில் எப்போதும் சிக்னல் போகும்.
அன்றைக்குப் போகவில்லை.

நடுவழியில் ஆரஞ்சுக் கூடையோடு ஏறியவள்
இடுப்பில் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.
கூடைக்கும் சீட்டு உண்டும்மா, என்றேன்,
போனைக் காதிலிருந்து எடுக்காமல்.