இரண்டு பி

புதன்கிழமை இரவு, கொட்டாஞ்சேனை.
போட்டோகொப்பிக் கடைக்கு மேலே வகுப்பு.
ஏழு பேர், ஆறு கதிரை.
என் ஓட்டோவுக்கு நடந்ததை
இன்சூரன்ஸ்காரனுக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும்.
அதற்காகத்தான் வந்தேன், நாற்பத்தாறு வயதில்.

முடிந்துபோனதற்கு வாலில் ஈ-டி
என்றார் நிரஞ்சலா மிஸ்.
ஸ்டொப், ஸ்டொப்ட்.
எழுதும்போது இன்னொரு பி போட வேண்டுமாம்.
ஒரு இடத்தில் நின்றதற்கு
இத்தனை செலவா?

பிறகு வாலில்லாதவை, ஒரு பக்கம் நிறைய.
கோ போய் வென்ட் ஆகிறது,
பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் சாயலே இல்லை.
நம்மிலும் சா என்பது செத்தான் ஆகிறதே என்றான்
துறைமுகத்தில் வேலைசெய்யும் கிளமென்ட்.
மிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுச்
சோக்கட்டியைக் கீழே வைத்தார்.

வந்தான் வந்தாள் வந்தார் வந்தது
எல்லாவற்றுக்கும் ஒரே கேம்.
லொறியும் கேம்.
பொலிஸ் ஐயாவும் கேம்.
மரியாதைக்கு எழுத்தே இல்லாத பாஷையில்
எனக்கு ஒரு வசதி:
லொறிக்காரனைத் திட்டியும் எழுத முடியாது.

கட், புட், ஷட்.
இவை நேற்றும் இன்றும் ஒன்றுதானாம்.
ஹிட்டும் அப்படியே. ஹர்ட்டும் அப்படியே.
என் இடது தோளைக் கேட்டிருந்தால்
அது முதல் நாளே சொல்லியிருக்கும்.

வீட்டில் மூன்று இரவு எழுதினேன்.
ஆமர் வீதிச் சந்தி. காலை ஆறேகால். மழை.
ஐ ஸ்டொப்ட். த லொறி கேம். இட் ஹிட் மீ.
மகள் பார்த்துவிட்டுப்
பரவாயில்லையே அப்பா என்றாள்.

மிஸ் சிவப்புப் பேனாவால் சரி போட்டார்.
பி இரண்டு, சரி.
ஈ-டி, சரி.
சிவப்பு விளக்கில் நான் உண்மையில் நின்றேனா என்று
பேனா கேட்கவில்லை.
மஞ்சள் அது. அல்லது மஞ்சள் முடிந்த கணம்.
பின்சீட்டில் ஒரு மூட்டை வெங்காயம்,
புறக்கோட்டையில் ஒருத்தன் காத்துக்கொண்டிருந்தான்.

கடைசிப் பாடம் கேள்வி.
டிட் வந்து முன்னால் உட்கார்ந்தால்
இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும்,
வினை வாலை உதறிவிட்டுப்
பழையபடி ஆகிவிடும் என்றார் மிஸ்.
உதாரணத்துக்கு என் தாளையே எடுத்தார்.
பலகையில் எழுதினார்:
டிட் யூ ஸ்டொப்?

ஈ-டி போய்விட்டது.
கஷ்டப்பட்டுச் சேர்த்த இரண்டாவது பி-யும் போய்விட்டது.
மிஞ்சியது ஸ்டொப்,
சந்தியில் பொலிஸ் ஐயா கையைத் தூக்கிச் சொல்வது.

ஆறு கதிரையில் இருந்தவர்களும்
சுவரோடு நின்ற ரிஸ்னாவும்
என் பதிலுக்காகத் திரும்பினார்கள்.
கீழே மெஷின் யாருடைய பிறப்புச் சான்றிதழையோ
பிரதி எடுத்துக்கொண்டிருந்தது.

யெஸ், ஐ டிட் என்றேன்.
வெரி குட் என்றார் மிஸ்.